சிறிய கலாசாலையா, பெரிய சர்வகலாசாலையா?

(எமது சங்கத்தின் வருடாந்த விழாவில் ஆற்றிய உரை)

   

இன்றைய விழாவில் மாணவன் ஒருவனும் பேசவேண்டும் என்று சங்கத்துச் செயலாளர் என்னைக் கேட்டபோது, எதைப்பற்றிப் பேசுவது என்று சில நாட்கள் யோசித்தேன். "நீ கொழும்பிலை படிக்கிற பிள்ளை. அங்கை படிக்கிறதைப் பற்றியே சொல்லு தம்பி. எங்கடை பிள்ளையளுக்கு உற்சாகமாயிருக்கும்" என்றார் அவர். அதைச் சொல்லவே வந்திருக்கின்றேன். நான் சொல்லப்போவது முழுவதும் உற்சாகம் தருமா என்பது சந்தேகம். உண்மையாயிருக்கும் என்று மாத்திரம் உறுதி கூறுகின்றேன்.

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வந்தவுடன் நம் கிராமங்களில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எழும் கேள்வி, "எங்கை கிடைக்கும்?" என்பது. "என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்பவர் சிலரே. கொழும்பு, மொறட்டுவை, பேராதனை என்று மறுமொழி வந்தால் கேட்டவரின் முகம் மலர்கின்றது. வவுனியா என்றோ கிளிநொச்சி என்றோ வந்தால், "ஓ, பக்கத்திலைதானே" என்பதோடு பேச்சு முடிகின்றது. அந்தத் "தானே" என்ற சொல்லைப் பற்றித்தான் இன்று நான் பேச விரும்புகின்றேன். அச்சொல் எத்தனையோ பிள்ளைகளின் விண்ணப்பப் படிவத்தில், அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு எழுதுகின்றது.

படிவம் என்றேன். அதன் நடைமுறையைப் பெரியோர் சிலர் அறியாதிருக்கலாம். பரீட்சையில் பெற்ற புள்ளிகள் இசட் புள்ளியாக மாற்றப்படுகின்றன. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 100 இடங்களில் 40 இடங்கள் முழுத்தீவுக்கும் பொதுவான திறமை வரிசைப்படியும், 55 இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகைப்படியும், எஞ்சிய 5 இடங்கள் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கும் அந்த வசதி குறைந்த மாவட்டங்களுள் அடங்கும். பிள்ளை செய்யவேண்டியது, எந்தக் கற்கைநெறியை எந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்க விரும்புகின்றது என்பதை விருப்ப வரிசையில் எழுதிக் கொடுப்பதே. அவ்வரிசையில் மேலிருந்து கீழாக, அதன் புள்ளி எட்டும் முதலாவது இடம் அதற்குக் கிடைக்கும். ஆகவே புள்ளி எங்கள் கையை விட்டுப் போனபின்னும் எங்கள் கையில் எஞ்சியிருக்கும் அதிகாரம் அந்த வரிசை ஒன்றே. அதை நாமே எழுதுகின்றோமா, ஊர்வாய் எழுதுகின்றதா என்பதே கேள்வி.

சிறிய இடம் தாழ்ந்தது என்ற எண்ணம் நம்மவர்க்குப் பழையதன்று. நம் சரித்திரத்தைப் பார்த்தால் அதற்கு எதிரானதே தெரிகின்றது. 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். அதன் முதல் அதிபரான தானியேல் பூவர், அமெரிக்காவில் டார்ட்மத் என்னும் சிறிய கலாசாலையில் பயின்றவர். அந்த நாட்டில் இன்றுவரை ஒருவகைக் கலாசாலை உண்டு. மாணவர் தொகை குறைவு. ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் வாழ்வர். ஒரு தொழிலுக்கு மாத்திரம் பழக்காமல் மொழி, கணிதம், விஞ்ஞானம், தத்துவம் ஆகிய பலவற்றையும் சேர்த்துக் கற்பிப்பர். அந்த மாதிரியில் ஒன்றைத்தான் பனங்கூடலின் நடுவே அவர்கள் நாட்டினார்கள். தமிழும் ஆங்கிலமும், கணிதமும் வானசாஸ்திரமும், தர்க்கமும் அங்கே ஒருங்கு கற்பிக்கப்பட்டன.

அதன் பயனைச் சொல்ல ஒரு செய்தி போதும். 1857ஆம் ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலை தோன்றியது. அப்பெரிய சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும், வட்டுக்கோட்டை என்ற அந்தச் சிறிய கலாசாலையின் மாணாக்கர்களே. தாமோதரம்பிள்ளை அவர்கள் பின்னாளில் வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலியவற்றை ஏடுகளிலிருந்து எடுத்து அச்சேற்றிக் காத்த வரலாறு நீங்கள் அறிந்ததே. சிறிய இடத்தில் அடித்தளம், பெரிய இடத்தில் மேற்கட்டு என்று இரண்டையும் முறையாகப் பயன்படுத்தியவர் அவர்.

ஆனால் ஒரு பக்கத்தை மாத்திரம் சொல்வது நியாயமன்று. அந்தச் செமினரி 1855ஆம் ஆண்டில் மூடப்பட்டது. கடல் கடந்த அமெரிக்கச் சங்கத்திலிருந்து வந்த ஒரு தூதுக்குழுவின் தீர்மானம் அது. முப்பத்திரண்டு ஆண்டுகளின் உழைப்பு ஒரு தீர்மானத்தோடு நின்றது. 1872இல்தான் அவ்விடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. சிறிய கலாசாலைக்குள்ள ஆபத்து இதுதான். அதனைத் தாங்கும் தூண்கள் குறைவு. ஒன்று விழுந்தால் கூரையே விழும். பெரிய சர்வகலாசாலை அப்படி இலகுவில் சரிவதில்லை.

இந்த வாதம் நம் வீட்டுத் திண்ணையில் மட்டும் நடப்பதும் அன்று. இலங்கைக்கு ஒரு சர்வகலாசாலை வேண்டும் என்று சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் 1906ஆம் ஆண்டிலேயே இயக்கம் தொடங்கினர். 1921இல் கொழும்பில் யூனிவேர்சிற்றிக் கொலிஜ் திறக்கப்பட்டது. அதன்பின், வரப்போகும் சர்வகலாசாலையை எங்கே கட்டுவது என்று பல ஆண்டுகள் பெருவாதம் நடந்தது. நகரத்திலேயே இருக்கட்டும், ஏழைப் பிள்ளைகள் வீட்டிலிருந்து வந்து படிக்கலாம், ஆஸ்பத்திரியும் நீதிமன்றமும் நூல்நிலையமும் அருகிலுண்டு என்றனர் ஒரு சாரார். நகரத்தின் இரைச்சலுக்கு அப்பால், ஆசிரியரும் மாணவரும் கூடி வாழும் இடமே கல்விக்குரியது என்றனர் மறுசாரார். 1942இல் இலங்கைச் சர்வகலாசாலை கொழும்பிலேயே தொடங்கியது. 1952இல் மகாவலி கங்கைக் கரையில் பேராதனைக்குச் சென்றது. ஆயினும் கொழும்பிலும் படிப்பு நின்றுவிடவில்லை. இரண்டு சாராரும் சொன்னதில் உண்மை இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

இனி நம் நிலத்துக்கு வருவோம். 1974இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டபோது, திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களோடு, வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரி வகுப்புப் பகுதியும் அதற்குக் கைகொடுத்தது. வன்னியில் 1991ஆம் ஆண்டில் வடமாகாணத்துக்கென ஓர் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி வவுனியாவில் அமைந்தது. அது 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. மன்னார் வீதியில் பம்பைமடுவில் அது நிற்கின்றது. கிளிநொச்சிக்கும் முறிகண்டிக்கும் இடையில் அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் நடக்கின்றன. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏறும் பிள்ளைகளுள், வழியில் கண்ட அந்தக் கட்டடங்களை ஒருமுறையேனும் உள்ளே சென்று பார்த்தவர் எத்தனை பேர்? நானும் பார்க்காமற் போனவன்தான்.

இனி என் கதையைச் சொல்கின்றேன்.

நானும் என் தோழன் ஒருவனும் ஒரே மிஷன் பாடசாலையில், ஒரே வாங்கிலிருந்து உயிரியல் படித்தவர்கள். காலையில் திருநீற்றோடு வகுப்புக்குப் போய், பிரார்த்தனை வேளையில் அமைதியாக எழுந்து நின்று, மாலையில் ஆங்கிலத்தில் விவாதம் செய்து வளர்ந்தோம். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே புள்ளி. நான் தலைநகரிலுள்ள பெரிய பல்கலைக்கழகமொன்றை முதலாவதாக எழுதினேன். அவன் வவுனியாவில் சுற்றாடல் விஞ்ஞானத்தை முதலாவதாக எழுதினான். ஊரில் அவனைப் பார்த்து, "புள்ளியைக் கொண்டுபோய் வீணாக்கிப்போட்டான்" என்றார்கள். எனக்கோ, புறப்படும் நாளில் புகைவண்டி நிலையம்வரை பத்துப்பேர் வந்தார்கள்.

கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு இரும்புப்பாதை வழியே ஏறத்தாழ 330 கிலோமீற்றர். வெள்ளவத்தையில் ஓர் அறையில் நான்கு பேர் இருந்தோம். முதல்நாள் விரிவுரை மண்டபத்துக்குள் நுழைந்தேன். அவ்வளவு பிள்ளைகளை ஒரே வகுப்பில் நான் கண்டதில்லை. பின்வரிசையில் இருந்தேன். மறுநாளும் அங்கேயே இருந்தேன். விரிவுரையாளர் நன்றாகவே கற்பித்தார். அவர்மேல் நான் குறைசொல்லேன். விளங்காத இடத்தில் கையுயர்த்த என்னால் முடியவில்லை. மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் பேசிய வாய் அங்கே அடைத்துவிட்டது. ஒருநாள் நான் வகுப்புக்குப் போகவில்லை. யாரும் ஏனென்று கேட்கவில்லை. இரண்டாம் நாளும் போகவில்லை. பின் ஒரு கிழமை போகவில்லை. வீட்டிலிருந்து ஐயா தொலைபேசியில் "படிப்பு எப்பிடித் தம்பி?" என்று கேட்கும்போதெல்லாம், "நல்லாப் போகுது ஐயா" என்றேன். முதலாம் ஆண்டில் ஒரு பாடத்தில் நான் சித்தியெய்தவில்லை. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு ஊருக்கு வந்துவிடுவோமா என்று நினைத்த இரவுகள் உண்டு. இதை இந்தச் சபைக்கு முன் இன்றுதான் சொல்கின்றேன்.

அந்த நாட்களில் என் தோழனோடு தொலைபேசியில் பேசுவேன். அவன் வகுப்பில் பிள்ளைகள் குறைவு. ஒருநாள் வராவிட்டால் மறுநாள் ஆசிரியரே, "நேற்று எங்கே?" என்று கேட்பார். என்னளவுக்கு ஆங்கிலம் பேச வராதவன் அவன். ஆனால் அங்கே ஒளிந்துகொள்ளப் பின்வரிசை இல்லை. முறை வந்தால் எழுந்து பேசியே ஆகவேண்டும். பிழையாகப் பேசிப் பேசியே சரியாகப் பேசப் பழகினான். குளத்துத் தண்ணீரையும் வயல் மண்ணையும் பரிசோதிக்க ஆசிரியரோடு போய்வந்து, நாம் சிறுவயதில் குளித்த குளத்தைப் பற்றியே எனக்குத் தெரியாத செய்திகளைச் சொன்னான். அவனுக்கும் குறைகள் இருந்தன. பரந்த உலகத்தைப் பார்க்கவில்லையே என்ற ஏக்கம் இருந்தது. வேறு துறைப் பிள்ளைகளோடு பழகும் வாய்ப்பும் குறைவு. "மச்சான், உனக்குக் கிடைச்ச லைப்ரரி எனக்குக் கிடைச்சிருந்தால்!" என்பான். அந்த நூலகத்துக்குள் நான் அதுவரை நாலு முறைகூடப் போனதில்லை. அவன் சொல் எனக்கு அடிபோலிருந்தது.

அதன்பின்னரே நான் மாறினேன். முன்வரிசையில் போய் இருந்தேன். விரிவுரை முடிந்ததும் ஆசிரியரின் பின்னே நடந்து சென்று கேட்டேன். அவர் முகஞ்சுளிக்கவில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் போலவே பதில் சொன்னார். தலைநகரம் தன் செல்வத்தை மெதுவாக எனக்குக் காட்டத் தொடங்கியது. 1877இல் திறக்கப்பட்ட நூதனசாலையும் அதன் நூலகமும் நடந்துபோகும் தூரத்தில் இருந்தன. யாரும் சென்று கேட்கக்கூடிய பொதுச் சொற்பொழிவுகள் நடந்தன. காலியிலிருந்தும் குருநாகலிலிருந்தும் வந்த சிங்களப் பிள்ளைகளும், அக்கரைப்பற்றிலிருந்து வந்த முஸ்லிம் பிள்ளைகளும் என் நண்பர்களானார்கள். அவர்களிற் பலரும் என்னைப்போலவே பின்வரிசையில் ஒளிந்திருந்தவர்கள் என்பதைப் பிறகே அறிந்தேன். தவறிய பாடத்தை மறுமுறை எழுதிச் சித்தியெய்தினேன். இன்று அங்கே படிப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஓராண்டை இழந்துதான் அந்த மகிழ்ச்சியைப் பெற்றேன்.

இரண்டு வாழ்க்கையையும் ஒப்பிட்டு நான் கண்டது இதுதான். சிறிய இடம் பிள்ளையைத் தேடி வரும். பெரிய இடத்தைப் பிள்ளைதான் தேடிப் போகவேண்டும். கிணற்றில் நீர் எவ்வளவு ஊறினாலும், அள்ளத் துலாவும் வாளியும் இல்லாதவன் தாகத்தோடுதான் நிற்பான். தேடும் பழக்கம் வாய்த்த பிள்ளைக்குப் பெரிய சர்வகலாசாலை ஒரு சமுத்திரம். அப்பழக்கம் இன்னும் வாய்க்காத பிள்ளைக்கு அது ஒரு சனக்கூட்டம். அப்பிள்ளை முதலில் சிறிய இடத்தில் அப்பழக்கத்தைப் பெற்று, மேற்படிப்புக்குப் பெரிய இடத்துக்குப் போகலாம். தாமோதரம்பிள்ளை அவர்கள் நடந்த பாதை அதுவே.

ஆகையால், படிவம் நிரப்பப்போகும் தம்பிமாரே, தங்கைமாரே! எழுதுமுன் நான்கு கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது: நான் எதைப் படிக்கப்போகின்றேன்? ஊரைப் பார்க்குமுன் பாடத்தைப் பாருங்கள். அந்தக் கற்கைநெறியில் நான்கு ஆண்டும் என்ன படிப்பிக்கின்றார்கள் என்று அங்கே படிக்கும் மூத்த மாணவரைக் கேளுங்கள். விருப்பமில்லாத பாடத்தைப் பேர்பெற்ற நகரத்தில் படிப்பதிலும், விரும்பிய பாடத்தைப் பம்பைமடுவிலோ அறிவியல் நகரிலோ படிப்பது மேல்.

இரண்டாவது: என் குணம் எது? விளங்காவிட்டால் எழுந்து கேட்பவனா, மௌனமாயிருப்பவனா? இதை உங்கள் பாடசாலை ஆசிரியரைக் கேளுங்கள். உங்களிலும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாவது: என் வீட்டால் எவ்வளவு தாங்க முடியும்? நம் நாட்டில் பல்கலைக்கழகப் படிப்புக்குக் கட்டணமில்லை. அது 1945ஆம் ஆண்டில் வந்த இலவசக் கல்வியின் கொடை. ஆனால் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கொழும்பில் ஆகும் செலவை, ஒரு போக நெல்லை நம்பியிருக்கும் குடும்பம் கணக்குப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். அதில் வெட்கத்துக்கு இடமில்லை.

நான்காவது: அந்த இடத்தில் இல்லாததை நான் எப்படி ஈடுசெய்வேன்? சிறிய இடத்துக்குப் போகின்றவன், விடுமுறையில் பெரிய நூலகங்களுக்கும் கருத்தரங்குகளுக்கும் போக இன்றே திட்டமிடட்டும். பெரிய இடத்துக்குப் போகின்றவன், முதற்கிழமையிலேயே ஓர் ஆசிரியருக்கும் இரண்டு மூத்த மாணவருக்கும் தன் பெயரைத் தெரியப்படுத்தட்டும்.

பெரியோர்களே! உங்களிடமும் ஒரு விண்ணப்பம். கொழும்புக்குப் போகின்ற பிள்ளையைப் புகைவண்டி நிலையம்வரை சென்று வழியனுப்புகின்றீர்கள். அது நல்ல வழக்கம். பம்பைமடுவுக்குப் பஸ் ஏறும் பிள்ளையையும் அவ்வாறே வழியனுப்புங்கள். கொழும்பில் இருக்கும் பிள்ளையை, "எப்பிடிப் படிப்பு?" என்று கேட்பதோடு விடாதீர்கள். "யாரோடை பழகுகிறாய்? எந்த வாத்தியாரைத் தெரியும்?" என்றும் கேளுங்கள். ஒருவரையும் தெரியாது என்று அது சொன்னால், அங்கே ஏதோ சரியில்லை என்று அறிந்துகொள்ளுங்கள். இன்னுமொன்று. நம் நிலத்தில் நீண்ட யுத்தத்தின் நடுவிலும் அதன் பின்னும் எழுந்து நிற்கும் இக்கலாசாலைகளை நாமே இரண்டாந்தரம் என்று பேசினால், அவற்றை வேறு யார் மதிப்பார்? வட்டுக்கோட்டைச் செமினரியை மூடியவர்கள் கடலுக்கு அப்பாலிருந்து வந்தார்கள். நம் கலாசாலைகள் தளர்ந்துபோனால் அப்படிச் சொல்லித் தப்ப நமக்கு வழியிராது.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கின்றேன். என் தம்பியும் இவ்வாண்டு படிவம் நிரப்புகின்றான். கணிதப் பிரிவு. "அண்ணை போன இடத்தையே முதலாவதா எழுது" என்றார் ஐயா. அன்றிரவு, நான் சித்தியெய்தாத பாடத்தின் கதையை முதன்முதலாக ஐயாவுக்குச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அப்ப ஏன் ராசா சொல்லேல்லை?" என்றார். "பத்துப்பேர் வந்து வழியனுப்பினவை ஐயா" என்றேன். அதற்குமேல் அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் தம்பியை அழைத்துக்கொண்டு பம்பைமடுவுக்கும் அறிவியல் நகருக்கும் போனோம். ஐயாவும் வந்தார். அங்கே படிக்கும் பிள்ளைகளோடு தம்பி தானே பேசினான். நான் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, வவுனியாவில் பிரயோக கணிதமும் கணினியும் என்று முதலாவதாகவும், தலைநகரை இரண்டாவதாகவும் எழுதினான். "ஏன்?" என்று கேட்டேன். "நான் கேட்டுக் கேட்டுப் படிக்கிறவன் அண்ணை. அங்கை கேட்கலாம்போலை இருக்கு" என்றான். அவன் வரிசை சரியா பிழையா என்பதை வருங்காலம் சொல்லட்டும். அது அவனே எழுதிய வரிசை.

இனி ஊரில் யாராவது, "வவுனியாதானே" என்று சொன்னால், அந்தத் "தானே"யை எடுத்துவிட்டு, "அங்கே என்ன படிக்கிறாய்?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளும்படி உங்கள் எல்லோரையும் வேண்டிக்கொள்கின்றேன்.